உலைக்கு அனுப்பிய உயிர்க்காசுகள்

நலம் பொலிக. மழை முறை தவறாது பெய்க. கடல் தன் எல்லை கடவாது நிற்க.

ஏழு துறைகளுக்கு இறைவியும், சுறாக்கொடி உயர்த்திய வேலாழி நாட்டின் பேரரசியும், கோல் கோடாத குலத்தின் விளக்குமாகிய திருமாமணி நங்கையார் திருவடிகளுக்கு, முத்துமணற்றுறையைத் தேவியார் அருளால் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காத்துவரும் துறைநாயகன் நக்கன் பட்டாலகன் தலைமேல் கைகூப்பி விடுக்கும் ஓலை. கொற்றமங்கல மாநகரில் அரண்மனையும் அங்காடியும் கோயிலும் குளமும் குறைவின்றி விளங்குக.

மரபுப்படி இவ்விடத்தில் தேவியாரின் விருதுப்பெயர்கள் இன்னும் பதினான்கு வரவேண்டும். அவற்றை அடியேன் மறந்தேனல்லேன். ஆனால் சொல்லவேண்டிய செய்தி அத்தனை அவசரமானது. இதற்குள் இரண்டு ஏடுகளை எழுத்தாணியால் கிழித்துவிட்டேன். பதினான்கு பெயர்களையும் பின்னொரு நாள் நேரில் நின்று உரக்கச் சொல்லுவேன். இப்போது செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

முழுநிலா நாளில் மணி வார்ப்பதற்கென்று மூட்டவிருக்கும் உலையை மூட்ட வேண்டாம். ஆழிநங்கை என்னும் மரக்கலத்தில் சென்று மாண்டவர்களின் நினைவுக்காக அல்லவா தேவியார் அந்த மணியை வார்க்கத் திருவுளம் கொண்டீர்கள்? அவர்கள் மாளவில்லை. முப்பத்திரண்டு பேரில் இருபத்தாறு பேர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். நீ எப்படி அறிந்தாய் என்று தேவியார் வினவுவீர்கள். பனங்கிழங்கு வாங்கி, மீதிச் சில்லறையில் அறிந்தேன்.

அமைச்சர் பெருமக்கள் நகையாமல் மேலே படிக்கச் செய்தருள்க.

ஆறு ஆண்டுகளுக்கு முன், மீகாமன் தத்தன் வேளான் சுக்கான் பிடிக்க ஆழிநங்கை தென்கடல் சென்றதும், இரண்டு திங்களில் அதன் பாய்மரம் முறிந்து நம் கரையில் ஒதுங்கியதும் நாடு அறியும். அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்து, ஒருவரும் பிழைத்திரார் என்று தலைநகருக்கு ஓலை எழுதியவன் அடியேனே. அவசரக்காரன் எழுதிய ஓலை அது. அதை நம்பித்தான் முப்பத்திரண்டு வீடுகளில் விளக்கு அணைந்தது.

தேவியார் மலைநாட்டில் பிறந்து இந்நாட்டுக்கு மருமகளாய் வந்தவர் ஆதலால், தேவியார் பெயரளவில் மட்டும் அறிந்த எங்கள் துறையின் வழக்கம் ஒன்றை விரித்துச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிறவன் எவனும் உயிர்க்காசு இல்லாமல் கலம் ஏறுவதில்லை. இரண்டு செப்புக்காசுகளை எடுத்து, இரண்டிலும் அவன் வீட்டு அடையாளத்தைத் துறைநாயகன் தன் கையால் சுத்தியல் பிடித்து அடித்துத் தருவான். ஒன்று வீட்டின் அரிசிப்பானைக்குள் கிடக்கும். மற்றொன்று அவன் அரைஞாணில் தொங்கும். வெளியூரில் இருக்கும்வரை, ஆண்டுக்கு ஒருமுறை வாடைக்காற்று எழும் முதல் நாளில், அவன் தன் காசின் விளிம்பில் ஒரு வெட்டு வெட்டிக்கொள்வான். தானே திரும்ப இயலாமற் போனால், நம் துறைக்கு வரும் எவரிடமாவது அந்தக் காசைக் கொடுத்தனுப்புவான். வெட்டுகளை எண்ணினால் அத்தனை ஆண்டு அவன் உயிரோடு இருந்தான் என்பது பொருள். அவன் திரும்பிவரும் நாளில், முன்பே அனுப்பிய காசானால் அதைத் துறைநாயகனிடம் வாங்கிக்கொண்டு, வாசற்படியில் இரண்டு காசுகளையும் ஒன்றோடொன்று தொட்டுக் காட்டிய பிறகே உள்ளே நுழைவான். இணைக்காசு இல்லாத வீட்டின் படியை அவன் ஏறக்கூடாது. இது என் பாட்டன் காலத்துக்கும் முந்திய வழக்கம். அடியேனால் மாற்றக்கூடியது அன்று.

இனி அடியேன் செய்த பெரும்பிழையைக் கேட்டருள்க. நான்கு ஆண்டுகளுக்கு முன் வணிகர்கள் திரண்டு வந்து, அங்காடியில் வெட்டுப்பட்ட காசும் தேய்ந்த காசும் மலிந்துவிட்டன என்று முறையிட்டார்கள். விளிம்பில் வெட்டுள்ள எந்தக் காசும் இனிச் செல்லாது, அவற்றைச் சுங்கச்சாவடித் தாழியில் போட்டுவிடுக என்று பறையறைவித்தேன். உயிர்க்காசை எவரும் நேரே என் கையில் கொண்டுவந்து கொடுத்து, இன்னார் அனுப்பினார் என்று வாயால் சொல்வதே வழக்கம் ஆதலால், அது சில்லறையோடு சில்லறையாக வரும் என்று கனவிலும் நினைத்தேனில்லை. தாழி நிறைந்த போதெல்லாம் மூட்டை கட்டித் தலைநகருக்கு அனுப்பினேன். மூன்று மூட்டைகள் அனுப்பினேன். மணிக்குச் செம்பு ஆயிற்று என்று தேவியார் அடியேனைப் பாராட்டி ஓலையும் விடுத்தீர்கள். அந்த ஓலையைப் பார்க்கவே இப்போது கூசுகிறது.

நேற்று முற்பகல், சாவடி வாயிலில் கிழங்கு விற்கும் பூதி என்பவளிடம் அடியேன் பனங்கிழங்கு வாங்கினேன். அவள் தந்த மீதியில் நான்கு காசுகள் இருந்தன. சாவடிக்குள் வந்து பார்த்தால், மூன்று நல்ல காசுகளுக்கு நடுவில் ஒரு வெட்டுக்காசு. செல்லாக் காசை நல்ல காசுகளுக்கு இடையில் வைத்து அடுத்தவர் தலையில் கட்டுவது இந்த ஊரார் எல்லாருக்கும் கைவந்த வித்தை. ஆனால் பறையறைவித்தவன் தலையிலேயே கட்டுவதா என்று அடியேனுக்குச் சினம் மூண்டது. பாதிக் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே சண்டைக்குப் போனேன்.

பூதி அஞ்சினாளில்லை. அவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க: உம்ம பறையையும் மீறி இந்தக் காசு ஊரைச் சுத்துது, என்கிட்ட தள்ளினவனை நான் கேட்டேனா, கிழங்கைத் தின்னுட்டு வந்து மல்லுக்கு நிக்கிறீரே, பாதியைத் திருப்பித் தாரும், காசைத் திருப்பித் தாரேன் என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடியேன் அந்தக் காசை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, நான்கு வெட்டு இருக்கிறது, உனக்குக் கண் இல்லையா என்று கத்தினேன்.

அப்போதுதான் காசை நன்றாகப் பார்த்தேன். வெயில் பட்ட அந்தக் காசின் முகத்தில் ஒரு முறமும், முறத்துக்குள் ஒரு புள்ளியும் இருந்தன. அடையாளம் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. தேவியார் அறியமாட்டீர்கள், அடியேன் சுத்தியல் பிடித்தால் அடி எப்போதும் இடப்பக்கம் சாய்ந்துதான் விழும். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தத் துறையில் அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்கிறார்கள். நான் அடித்த அடியை நான் அறியேனா?

முறமும் புள்ளியும் யார் வீட்டு அடையாளம் என்று நினைவுக்கு வரவில்லை. பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பார்த்தவள், எங்க வீட்டு முறம் என்று கூவிக் காசைப் பற்றிக்கொண்டாள். அவள் ஆழிநங்கையில் பாய் தைக்கச் சென்ற கோவன் என்பவனின் மனைவி. மரம் கரை ஒதுங்கியது முதலாண்டு வாடைக்கும் முன்பு. காசிலோ நான்கு வெட்டுகள். கலம் உடைந்த பிறகும் கோவன் நான்கு வாடை கண்டிருக்கிறான் என்பதை அவளுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவேன்! ஊர் முழுவதும் மடியை அவிழ்த்தது. உப்பு விற்பவர், தோணி இழுப்பவர், பூக்கட்டுபவர், கோயில் மடைப்பள்ளியார் என்று எல்லாரும் முந்தானையிலும் சுருக்குப்பையிலும் வெற்றிலைப் பெட்டியிலும் இருந்த சில்லறையைச் சாவடி முற்றத்தில் கொட்டினார்கள். செல்லாக் காசு வைத்திருந்தால் தண்டம் என்று முன்பு அடியேன் ஆணையிட்டிருந்தமையால், சிலர் முதலில் தயங்கினார்கள். தண்டம் இல்லை, ஒவ்வொரு வெட்டுக்காசுக்கும் ஒரு மரக்கால் நெல் என்று அறிவித்தேன். அந்த நெல் என் வீட்டுக் குதிரிலிருந்து போயிற்று. அரண்மனைக் களஞ்சியத்தைத் தொட்டேனில்லை. மாலைக்குள் ஏழு உயிர்க்காசுகள் கிடைத்தன. இரண்டு வெட்டு, மூன்று வெட்டு, ஐந்து வெட்டு என்று எல்லாம் இருந்தன. ஏழும் இடப்பக்கம் சாய்ந்தவை. தத்தம் வீட்டு அடையாளத்தைக் கண்ட பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள், அடியேனை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அத்தனை ஏச்சையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன்.

தம் அடையாளத்தைக் காணாத மற்றவர்களிடமிருந்து விலகி, ஒருத்தி மட்டும் முற்றத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். மீகாமன் தத்தன் வேளானின் மனைவி சீருடையாள். தேவியாருக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். மணிக்காக வீட்டிலுள்ள இணைக்காசுகளைக் கொடுத்துவிடுமாறு தேவியார் ஆணை வந்தபோது, முப்பத்தொரு வீட்டார் அழுதுகொண்டே கொடுத்தார்கள். இவள் ஒருத்தி கொடுக்க மறுத்தாள். அரச ஆணையை மீறினாள் என்று ஊர்நடுவில் நிறுத்தி அடியேன் வைததையும் ஓலையில் எழுதியிருந்தேன். தாலியும் கழற்ற மாட்டாள், காசும் கொடுக்க மாட்டாள், பித்துப் பிடித்தவள் என்று எழுதினேன். அவள் நேற்று முற்றத்தில் கிடந்த சில்லறையை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். சுக்கானும் அதன்கீழ் இரண்டு புள்ளிகளும் பொறித்த காசு ஒன்றும் இல்லை. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, முற்றத்தின் ஓரத்துக்கே திரும்பிப் போனாள். அவளை ஏறிட்டுப் பார்க்க என்னால் முடியவில்லை.

இந்தக் காசுகள் ஊருக்குள் வந்த வழியைத் தேடுவது அரிதாக இருக்கவில்லை. ஏழில் ஐந்து, சுற்றிச் சுற்றிப் பூதியிடமே போய் நின்றன. சங்கு விற்க ஆண்டுதோறும் வரும் தொலைதீவினர் அவளிடம்தான் கிழங்கு வாங்குவார்கள். அவர்கள் பேச்சும் அவளுக்குத்தான் விளங்கும். நல்வினையாக அவர்களுடைய சிறுபடகுகள் மூன்று இப்போதும் நம் கரையில் கிடக்கின்றன. இன்று காலை அவர்களின் தலைவரைப் பூதி அழைத்துவந்தாள். வயது முதிர்ந்தவர். அடியேனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏன் என்று கேட்கச் சொன்னேன். பூதி கேட்டாள். விடையைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கூறியதன் சாரம் இது: எங்கள் கடைசித் தீவில் உங்கள் நாட்டார் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் எங்களிடம் ஆறேழு காசு தந்து, இந்தத் துறையின் தலைவர் கையில் சேர்க்கச் சொன்னார்கள். முதல் முறை நாங்கள் வந்து, சுங்க வரிசையில் நின்று, இந்தப் பெருவயிற்றுக்காரர் கையிலேயே கொடுத்தோம். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தரையில் எறிந்தார். ஏதோ கத்தினார். அதன்பின் நாங்கள் அவரிடம் போகவில்லை. காசை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிழங்கு வாங்கினோம்.

பெருவயிற்றுக்காரர் அடியேன்தான், தேவி. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெட்டுக்காசைக் கொண்டு சுங்கம் செலுத்த வந்த அயலூர்க்காரன் என்று நினைத்தேன். ஒரு நொடி அந்தக் காசை வெயிலில் பிடித்திருந்தால், என் அடியை நானே கண்டிருப்பேன். அவர்கள் காசு அனுப்பினார்கள், யாரும் வரவில்லை. மறுபடியும் அனுப்பினார்கள், அப்போதும் யாரும் வரவில்லை.

அவர் காலைத் தொட்டு வணங்கினேன். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்கச் செய்தேன். அவர் மணலில் சங்குகளை ஒவ்வொன்றாக வைத்தார். இருபத்தாறு சங்குகள் வைத்தார். பெயர்களை அவர் அறியார். அந்தத் தீவில் முள்ளும் புதரும் அன்றி மரமே இல்லை ஆதலால், நம்மவர்களால் படகு கட்ட இயலவில்லையாம். கடல் கரையில் போட்டவரைப் படகில் ஏற்றினால் கடல் அவரைத் திரும்பக் கேட்கும் என்பது தொலைதீவினர் நம்பிக்கை ஆதலால், அவர்களும் ஏற்றவில்லை. உணவு கொடுத்திருக்கிறார்கள், காசைச் சுமந்துவந்திருக்கிறார்கள். அதற்கே நாம் ஏழு பிறவிக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

அப்போது சீருடையாள் முன்னே வந்தாள். இந்த ஆண்டு காசு எத்தனை தந்தார்கள் என்று பூதியைக் கேட்கச் சொன்னாள். ஒன்றும் தரவில்லை, காசு தீர்ந்துவிட்டது, ஒரே ஒருவனிடம் மட்டும் இன்னும் ஒன்று இருக்கிறது என்றார் முதியவர். ஆண்டுதோறும் மற்றவர்கள் அவனை நெருக்குவார்களாம். அவன் கொடுக்கமாட்டானாம். இதன் இணையை வைத்திருக்கிறவள் யார் கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டாள், அவள் கொடுக்காதபோது நான் மட்டும் எப்படிக் கொடுப்பேன், என் கையாலேயே கொண்டுபோய்த் தொட்டுக் காட்டுவேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பானாம். பிடிவாதக்காரன் என்று தீவில் அவனுக்குப் பெயராம்.

பூதி இதைச் சொல்லி முடிக்கவில்லை. சீருடையாள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆறு ஆண்டுகளில் அவள் சிரித்து இந்த ஊரில் ஒருவரும் கண்டதில்லை. அது என் வீட்டுக்காரர்தான், அவரைத் தவிர வேற யாரு இப்படி அடம் பிடிப்பாங்க என்றாள். பிறகு அடியேனைப் பார்த்து, எப்பய்யா கப்பல் என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அடியேன் சொன்ன விடையே இனி இந்த ஓலையின் பொருள். தேவியாரின் ஓலையின்றி அரசுக் கலம் எதுவும் துறையை விட்டு நீங்கக்கூடாது என்பது சட்டம். அஞ்சற்குதிரை கொற்றமங்கலம் சேர நான்கு நாள், திரும்ப நான்கு நாள். தொலைதீவினர் நாளை மறுநாள் புறப்படுகிறார்கள். வாடை ஓய்வதற்குள் அவர்கள் தீவு சேர வேண்டும். அவர்கள் பின்னால் போனால்தான் வழி தெரியும். தவறினால் இன்னும் ஓர் ஆண்டு. இன்னொரு வாடை வரை காத்திருக்க அடியேனுக்கு மனம் இல்லை. அங்கே வெட்டு வெட்டுவதற்கும் அவர்களிடம் காசு இல்லை. ஆகவே நெல் ஏற்றும் அரசுக் கலமாகிய பொன்னிறத்தியைத் தேவியாரின் அனுமதியின்றி எடுத்துச் செல்கிறேன். முதியவரும் பூதியும் வழிகாட்டவும் பேசவும் உடன் வருகிறார்கள். சீருடையாள் இப்போதே மூட்டை கட்டிவிட்டாள். இந்தக் குற்றத்துக்கு உரிய தண்டனையை அடியேன் மறுக்கவில்லை. திரும்பிவந்து ஏற்றுக்கொள்ளும்வரை அதை நிறுத்திவைத்தருள்க.

தேவியார் செய்தருள வேண்டியது இது. உலைக்களத்தில் கிடக்கும் மூன்று மூட்டைகளையும், முப்பத்தொரு வீட்டு இணைக்காசுகளையும் அரண்மனை முற்றத்தில் கொட்டச் செய்க. இடப்பக்கம் சாய்ந்த அடி எதுவோ அது உயிர்க்காசு. ஐயம் இருந்தால் அடியேன் இவ்வோலையோடு அனுப்பும் ஏழையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்க. கிடைப்பனவற்றை முத்துமணற்றுறைக்கு அனுப்பிவைத்து, அந்தந்த வீட்டு அரிசிப்பானையில் போடச் செய்க. இருபத்தாறு பேரைக் கடலிலிருந்து மீட்டுக்கொண்டுவந்து, இணைக்காசு உருகிப்போயிற்று என்று சொல்லி வாசற்படியில் நிறுத்தும் கொடுமை அடியேனால் நேர வேண்டாம். மீளாத அறுவர் யார் என்பதைத் தீவில் கேட்டறிந்து வருவேன். அவர்களுக்காக வேண்டுமானால் அப்போது மணி வார்க்கலாம்.

சீருடையாளின் காசை ஆணைப்படி பறித்து அனுப்பவில்லை என்று தேவியார் அடியேன்மேல் வருந்தியது உண்டு. அது இன்றும் வரவில்லை. அதை அவள் தன் கழுத்துச் சரட்டில் கோத்துக்கொண்டு கலம் ஏறுகிறாள்.

ஓலை முடிக்கும் முன் ஒரு சொல். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் துறையைக் காத்த அடியேன், முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியவன் அல்லேன். தோணி ஆடினாலே குடல் புரளும். அந்த வெட்கத்தை ஊரார் அறிவார்கள், தேவியாரும் அறிந்துகொள்க. ஆயினும் கரையில் நின்று காசை எறிந்த கை, போய் அவர்களைத் தூக்கிவிட வேண்டும். இன்று நண்பகலில் என் பெயருக்கு இரண்டு செப்புக்காசுகளை வைத்து, என் கையாலேயே அடையாளம் அடித்தேன். பனங்கிழங்கு ஒன்று, வேறொன்றும் தோன்றவில்லை. ஊரே நின்று பார்த்தது. அடி இம்முறையும் இடப்பக்கமே சாய்ந்தது. ஒன்று என் அரைஞாணில் இருக்கிறது.

துறை முத்திரை கரையை விட்டு நீங்கலாகாது என்பதால், அதைத் துணைத்தலைவர் கையில் ஒப்புவித்தேன். ஆதலின் இவ்வோலையின் அரக்கில் பதிந்திருப்பது என் இரண்டாம் காசின் அடையாளமே. அந்தக் காசையும் ஓலைக்குள் வைத்திருக்கிறேன். அரிசிப்பானையில் போட்டுக் காக்க வீட்டில் அடியேனுக்கு ஒருவரும் இல்லை. தேவியாரின் மடைப்பள்ளிப் பானையில் அதற்கு ஓர் இடம் தந்தருள்க. தென்றல் திரும்பும் நாளில் அரண்மனை வாசற்படியில் நின்று, அரைஞாண் காசைத் தொட்டுக் காட்டி, விட்டுப்போன பதினான்கு பெயர்களையும் சொல்லி உள்ளே வருவேன்.

தைத் திங்கள் வளர்பிறை ஆறாம் நாள், முத்துமணற்றுறைச் சாவடியில் நக்கன் பட்டாலகன் தன் கையால் எழுதி, தன் காசால் பதித்தது. கொண்டுசெல்லும் குதிரை வழியில் நிற்றல் ஆகாது. பெற்றவர் எவராயினும், உலை மூட்டும் முன்னர்த் தேவியார் திருச்செவியில் படிக்க.